மாதிரிப் பயனாளி

பனங்குட்டையை முன்னேற்றுவதென்று முடிவு செய்தபோது நகர்ப்புற மறுமலர்ச்சிக் கழகம் பனங்குட்டையில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்ணீர்க் குழாய் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அது இரண்டு நாளில் முடிந்துபோகிற வேலை. கழகத்துக்கோ ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

பூந்தமல்லிக்கும் நசரத்பேட்டைக்கும் நடுவில், பெங்களூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு குட்டையைச் சுற்றிக் கிடந்த குடிசைகளுக்குத்தான் பனங்குட்டை என்று பெயர். சுற்றுவட்டத்து வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், வயலெல்லாம் லாரி ஷெட்டாகவும் கம்பெனியாகவும் ஆன பிறகு அதே இடத்துக்கு மூட்டை தூக்கவும் வெல்டிங் பிடிக்கவும் போனார்கள். துலுக்கானம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தான். பன்னிரண்டடி உயரத்தில் ஒற்றைக் காலில் நின்று பலகை அடிப்பான். மனைவி நாகவல்லி, இரண்டு பிள்ளைகள்.

அவன் குடிசையும் ஃபக்ருன்னிசாவின் குடிசையும் ஒரே மண்சுவரின் இரண்டு பக்கங்களில் சாய்ந்திருந்தன. டெம்போ ஓட்டிய கணவன் விபத்தில் போன பிறகு, பூந்தமல்லி தையற்கடைகளிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுத்து மகள் ரோஷனை வளர்த்தாள் அவள். நாகவல்லிக்கு இரண்டாவது பிரசவ வலி எடுத்தபோது துலுக்கானம் ஊரில் இல்லை. ஃபக்ருன்னிசாதான் மாட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தாள். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டான். சும்மா வாய்ச்சொல்லாகக் கூப்பிடவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் தை மாதம் கழகத்தின் ஜீப் வந்தது. அதிலிருந்து சமுதாய மேம்பாட்டு அலுவலர் சம்பத் இறங்கினார். குடிசைகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொரு கதவின் வலது மேல் மூலையிலும் எண் எழுதி, குடும்பத்தை அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும் என்பது விதி. பனங்குட்டையில் பாதிக்கு மேல் கதவே கிடையாது. சாக்குத் திரைதான். விதியை மாற்ற வேண்டுமானால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். சம்பத் அதைவிடச் சுலபமான வழி கண்டுபிடித்தார். கரையான்சாவடி மரக்கடையிலிருந்து ஒரு கதவை வாடகைக்கு எடுத்து வந்தார். இரண்டு ஆட்கள் அதைத் தூக்கி ஒரு குடிசை முன்னால் நிறுத்துவார்கள். சம்பத் சாக்கட்டியால் எண் எழுதுவார். குடும்பம் நிற்கும். போட்டோ எடுத்ததும் எண்ணை அழித்துவிட்டுக் கதவு அடுத்த குடிசைக்கு நகரும். அந்த மூன்று நாளும் பனங்குட்டையில் எல்லா வீட்டுக்கும் கதவு இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு துலுக்கானம் வீட்டு வாசலுக்கு வந்தது.

"இது ஒரு வீடா, ரெண்டு வீடா?" என்று கேட்டார் சம்பத்.

"ரெண்டு சார். இது என்து. அது அக்காது."

சம்பத் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "அவசரப்படாதே. யோசிச்சுச் சொல்லு. சாங்ஷன் ஆகியிருக்கறது தொண்ணூத்தாறு வீடு. உன்னோடது தொண்ணூத்தாறு. அது தனி வீடுன்னா தொண்ணூத்தேழு ஆயிடும். தொண்ணூத்தேழுன்னா எஸ்டிமேட் திரும்பிப் போகும். போனா எப்ப வரும்னு எனக்கே தெரியாது. அப்பறம் எல்லாரும் உன்னைத்தான் கேப்பாங்க."

துலுக்கானம் சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபக்ருன்னிசா அங்கே இல்லை. முடித்த சட்டைகளைக் கொடுக்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தாள்.

"அப்ப அக்காக்கு இன்னா சார் வழி?"

"துணைப் பட்டியல்னு ஒண்ணு வரும். அதுல மொத பேரு அவங்களோடது. இப்போதைக்கு உன் குடும்பத்துல சேத்துடறேன்."

"செவுரு ஒண்ணுதான் சார்," என்றான் துலுக்கானம்.

அது பொய்யில்லை. சுவர் ஒன்றுதான்.

"அந்தம்மா உனக்கு என்ன உறவு?"

"அக்கா மாதிரி சார்."

சம்பத் படிவத்தைப் புரட்டினார். தாய், தந்தை, மாமியார், சகோதரி என்று கட்டங்கள் இருந்தன. "மாதிரிக்குக் கட்டம் இல்லையே," என்று சொல்லிவிட்டு, சகோதரி என்ற கட்டத்தில் டிக் அடித்தார். சாயங்காலம் இதைக் கேட்டதும் ஃபக்ருன்னிசா சிரித்தாள். "நல்லதாப் போச்சு தம்பி. எனக்கும் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல," என்றாள்.

*

குடிசைகளைப் பிரித்துவிட்டு எல்லாரையும் குட்டையின் தாழ்ந்த பக்கத்தில் தகரக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். கட்டிடம் எழும்பத் தொடங்குமுன் பயிற்சி தொடங்கியது. அதற்கு மாடி வாழ்க்கைப் பயிற்சி முகாம் என்று பெயர். குடிசைவாசிகள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் வாழ்ந்தவர்கள், அவர்களை முன்னறிவிப்பின்றி மாடியில் ஏற்றினால் மனச்சிக்கல் உண்டாகும் என்று கழகத்தின் ஆய்வு ஒன்று கண்டுபிடித்திருந்தது. சான்றிதழ் இல்லாதவருக்கு வீடு கிடையாது.

மாடிப்படி இன்னும் கட்டப்படவில்லை. ஆகவே தரையில் சுண்ணாம்பால் பதினெட்டுக் கோடு போட்டிருந்தார்கள். பயிற்சி பெறுபவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு, முட்டியை உயர்த்தி, கோடு கோடாக ஏற வேண்டும். ஒன்பதாவது கோட்டில் திரும்ப வேண்டும். அறுபது வயது அங்கம்மா பன்னிரண்டாவது கோட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வாங்குது சார்," என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் கேலி செய்கிறாள் என்பது பயிற்சியாளரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது. அவர் 'உண்மையான ஈடுபாடு' என்று குறிப்பு எழுதிக்கொண்டார்.

துலுக்கானம் கோடுகளைத் தாண்டி நேராக நடந்து மறுபக்கம் போய் நின்றான்.

"நீ ஏறலை. நடக்கறே," என்றார் பயிற்சியாளர்.

"தரைதானே சார் கீது?"

"தரைன்னு நினைக்கறதுதான்யா உங்க பிரச்சினையே."

துலுக்கானம் மறுபடி வந்து முட்டியை உயர்த்தி ஏறினான். பட்டறைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டது என்ற கவலையில் மிக வேகமாக ஏறினான். முதல் வகுப்பில் தேறினான்.

சான்றிதழ் கொடுக்கக் கழகத்தின் செயல் இயக்குநர் ஜம்புலிங்கமே வந்தார். கனத்த குரல். கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்.

"உங்களுக்குக் கட்டிடம் கட்டுவது பெரிய காரியமல்ல. அதைச் செங்கல் அறுப்பவனே செய்துவிடுவான். நாங்கள் மனிதனைக் கட்டுகிறோம். கட்டிடம் தாமதமானால் நீங்கள் வருந்தக்கூடாது, நீங்கள் தயாராகவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று மட்டும் சொல்வேன். ஏழைகளாகிய நீங்கள் இல்லாவிட்டால் இந்தக் கழகம் ஏது? இந்த ஜீப் ஏது? நான்தான் ஏது? அதனால் உங்களை நான் ஒருநாளும் கைவிட மாட்டேன். நீங்களும் இப்படியே இருந்து எனக்கு ஒத்துழைக்க வேண்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். இறங்கும்போது அவர் துலுக்கானத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஏழையாவும் தெரியணும், சட்டையும் துவைச்சிருக்கணும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட கிடைக்கறது கஷ்டம்," என்று சம்பத்திடம் சொன்னார். "இவனை வெச்சுக்கோங்க."

இப்படித்தான் துலுக்கானம் மாதிரிப் பயனாளி ஆனான். பயனாளிகள் நலச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் பதவியும் அதோடு சேர்ந்து வந்தது. பட்டறையில் கூட வேலை செய்தவர்கள் அவனைச் 'செக்ரட்டரி மாமே' என்று கூப்பிட்டார்கள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவனுக்கு அது பிடித்திருந்தது.

*

எண்பத்தொன்பது கடைசியில் நான்கு கட்டிடங்கள் எழும்பின. கட்டிடத்துக்கு இருபத்து நான்கு வீடு. பனங்குட்டைக்கு மறுமலர்ச்சி நகர் என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். துலுக்கானத்துக்கு முதல் கட்டிடத்தில் தரைத்தளத்தில் முதல் வீடு. ஒதுக்கீட்டு ஆணையில் குடும்ப உறுப்பினர் ஆறு என்று இருந்தது. சாமான்களை ஏற்றுகிற நாளில் நாகவல்லி தன் பாத்திரங்களோடு ஃபக்ருன்னிசாவின் தையல் பெட்டியையும் தூக்கி வந்தாள். வாசலில் சம்பத் நின்றிருந்தார்.

"ஒரு வீட்டுல ஒரு குடும்பம்தான் இருக்கலாம்," என்றார்.

"நீங்கதானே சார் எல்லாம் ஒரே குடும்பம்னு எழுதுனீங்க?" என்றான் துலுக்கானம்.

"அது கணக்கெடுப்பு. இது குடியேற்றம். ரெண்டும் வேற வேற செக்‌ஷன்."

"இன்னா சார் இது..."

சம்பத் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதோ பார். கணக்கெடுப்புல நீ சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா உன் ஒதுக்கீடு ரத்தாயிடும். சட்டம் அப்படி. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். துணைப் பட்டியல் வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

நாகவல்லி அவனைப் பார்த்தாள். அவன் ஆணைக் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தான். ஃபக்ருன்னிசா முன்னால் வந்து தன் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "சார்தான் சொல்றாரே. வரட்டும். நான் எங்க போறேன்?" என்றாள்.

தகரக் கொட்டகைகள் எல்லாவற்றையும் கழற்றினார்கள். மிஞ்சிய சிமென்ட் மூட்டைகளை வைக்க ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். அதில் ஒரு பாதியில் சிமென்ட்டும் மறு பாதியில் ஃபக்ருன்னிசாவும் ரோஷனும் இருந்தார்கள். கழகத்தின் ஆவணத்தில் அங்கே சிமென்ட் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டியாகிவிட்டது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் வேறொரு துறையின் பொறுப்பு, அந்தத் துறை இன்னும் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. ஆகவே யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால், காலையிலிருந்தே பெண்கள் குடங்களில் தண்ணீரை மூன்று மாடி ஏற்றித் தொட்டியில் ஊற்றுவார்கள். பார்வையாளர்கள் துலுக்கானத்தின் சமையலறையில் குழாயைத் திறப்பார்கள். தண்ணீர் கொட்டும். "அற்புதம்" என்பார்கள். ஃபக்ருன்னிசாவும் குடம் சுமந்தாள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் அவளுக்கு இல்லை. தம்பிக்கு ஒரு பேர் இருக்கிறது, அது கெடக்கூடாது என்று சுமந்தாள்.

"நாம ஏத்துன தண்ணிய நாமளே தொறந்து காட்டிகினு கீறோம்," என்றாள் நாகவல்லி. "ஒனக்குக் கூச்சமா இல்லியா?"

"கொஞ்ச நாள்தாண்டி. கொழா வந்துடும்."

மறுமலர்ச்சி நகரின் சிறப்பு அதன் சமுதாயக் கூடம். கல்யாணம், கூட்டம், பால்வாடி, தையல் பயிற்சி, நூலகம் எல்லாம் அங்கேதான் என்று திட்டம். கட்டி முடித்துப் பத்து மாதமாகப் பூட்டியே கிடந்தது. திறந்துவைக்க வேண்டிய பெரியவரின் தேதி கிடைக்கவில்லை. வாசலில் ஒரு பலகை இருந்தது: 'இது உங்கள் கூடம். அனுமதியின்றி உள்ளே நுழையாதீர்.' இதற்குள் மறுமலர்ச்சி நகரில் மூன்று கல்யாணம் நடந்தது. மூன்றுக்கும் கூடத்தின் வாசலுக்கு எதிரே தெருவில் பந்தல் போட்டார்கள். கூடத்தின் சாவி கௌரவச் செயலாளர் துலுக்கானத்திடம் இருந்தது. வாரம் ஒருமுறை திறந்து, நாற்காலிகளைத் துடைத்து, மறுபடி பூட்டுவான்.

*

தொண்ணூறாம் வருஷம் ஐப்பசியில் தேதி கிடைத்தது. சனிக்கிழமை காலை விழா. பெரியவருக்கு வர முடியவில்லை என்பதால் ஜம்புலிங்கமே திறந்துவைப்பார். புதன்கிழமையிலிருந்து மழை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் குட்டை நிறைந்து கொட்டகைக்குள் போனது.

துலுக்கானம் கூடத்து வராந்தாவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் விழாவுக்காகத் தரைக்குச் சிவப்புப் பூச்சு பூசி, காயும்வரை யாரும் கால் வைக்கக்கூடாதென்று கயிறு கட்டியிருந்தார்கள். நாகவல்லி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெமிலிச்சேரியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஃபக்ருன்னிசா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். தலையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய சட்டை மூட்டை. ரோஷன் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். பத்து வயதுப் பெண். கண் செருகியிருந்தது.

"தம்பி, கூடத்தக் கொஞ்சம் தொற. புள்ளைக்கு நெருப்பா காயுது. இவ மட்டும் ஒரு ஓரமா படுக்கட்டும். நான் வெளியவே கீறேன்."

உள்ளே இருநூறு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மேடையில் சிவப்புக் கம்பளம் விரித்தாகிவிட்டது. ஈரக் கால் ஒன்று உள்ளே பட்டாலும் நீதான் பொறுப்பு என்று சம்பத் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். துலுக்கானத்துக்கு ஒதுக்கீட்டு ஆணை ஞாபகம் வந்தது. சிவப்புத் தரை ஞாபகம் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது.

"சாவி சம்பத் சார்கிட்ட கீதுக்கா," என்றான்.

சொல்லும்போதே அவன் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. ஃபக்ருன்னிசா அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருடி அகப்பட்டவள் அவள்தான் என்பதுபோல இருந்தது.

"சரி தம்பி," என்றாள்.

வராந்தாவின் ஒரு மூலையில் மூட்டையை வைத்து, அதன்மேல் ரோஷனின் தலையைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். துலுக்கானம் ஏணியில் ஏறித் தோரணத்தை அவிழ்த்து மறுபடி கட்டினான். கீழே இறங்க முடியவில்லை. அரை மணி கழித்து ஜீப் வந்தது. அலங்காரச் செடித் தொட்டிகள் பன்னிரண்டு வந்திறங்கின.

"யாரும்மா இது? எழுந்திரு, எழுந்திரு. இங்க தொட்டி வைக்கணும்," என்றார் சம்பத்.

ஃபக்ருன்னிசா எழுந்தாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கரையான்சாவடி பக்கமாக மழையில் நடந்தாள். ஏணிமேல் நின்றவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரோஷன் படுத்திருந்த மூலையில் நாலு குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்தார்கள். செடிகள் நனையாமல் இருந்தன.

*

மறுநாள் மழை விட்டிருந்தது. ஜம்புலிங்கம் ரிப்பன் வெட்டி, விளக்கேற்றி, கண்ணை மூடிக்கொண்டார்.

"கழகத்தின் கட்டுமானத் தரத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று நாளாகப் பேய்மழை. பனங்குட்டையே மிதந்தது. ஆனால் நம் கூடத்துக்குள் ஒரு சொட்டு நீர் நுழைந்ததா? நீர் என்ன நீர், ஒரு மனிதர்கூட நுழையவில்லை! அப்படிப்பட்ட பாதுகாப்பு. இதைக் கட்டியபோது இது யாருக்காக என்று சிலர் கேட்டார்கள். இன்று தெரிகிறது அல்லவா? இன்றைய விழாவுக்காக!"

அடுத்து துலுக்கானம் சங்கத்தின் சார்பில் நன்றியறிக்கை வாசிக்க வேண்டும். சம்பத் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'விடுபட்டவர் ஒருவரும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அந்த வரிக்கு வந்தபோது அவன் தலை நிமிர்ந்தான். கடைசி வரிசைக்குப் பின்னால் ஃபக்ருன்னிசா நின்றிருந்தாள். கொட்டகையில் விட்டுப்போன தையல் பெட்டியை எடுக்க வந்தவள், பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக் சத்தம் கேட்டு நின்றிருக்கிறாள். சம்பத் தொண்டையைச் செருமினார். துலுக்கானம் அந்த வரியை வாசித்தான். எழுத்துக்கூட்டி, தெளிவாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தான்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மறுமலர்ச்சி நகரின் மிகப் பெரிய குடும்பத்துக்குச் சுவர்க்கடிகாரம் பரிசு என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கழகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்திருந்தது. அறிவிப்பாளர் உறுப்பினர் பெயர்களை வாசித்தார்.

"துலுக்கானம், நாகவல்லி, மக்கள் இருவர், சகோதரி ஃபக்ருன்னிசா, அவர் மகள் ரோஷன் பேகம். குடும்பத்தார் மேடைக்கு வரவும்."

"அக்கா தோ பின்னால கீறாங்க!" என்று விவரம் தெரியாத எவனோ கத்தினான். தொண்டர்கள் கூட்டத்தை விலக்கி ஃபக்ருன்னிசாவை அழைத்து வந்து மேடையில் ஏற்றினார்கள். நெமிலிச்சேரியிலிருந்து காலையில்தான் வந்திருந்த நாகவல்லி ஒன்றும் புரியாமல் அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஜம்புலிங்கம் மைக்கை ஃபக்ருன்னிசாவின் வாயருகே பிடித்தார்.

"பார்த்தீர்களா, மத நல்லிணக்கம்! அம்மா, தம்பியோடு புது வீட்டில் இருக்கிறீர்கள். வீடு எப்படி இருக்கிறது?"

தொண்ணூற்றைந்து குடும்பங்களுக்கும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும். சம்பத்தின் முகம் வெளுத்திருந்தது. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், துலுக்கானத்தின் ஒதுக்கீடு போய்விடும். அவள் துலுக்கானத்தைப் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா கீது சார்," என்றாள்.

"காற்று வருகிறதா?"

"நாலு பக்கமும் வருது சார்."

"தண்ணீர்?"

ஃபக்ருன்னிசா சற்று யோசித்தாள். "நேத்து வந்துச்சு சார். ஊட்டுக்குள்ளியே வந்துச்சு."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் விசும்பினாள். ஜம்புலிங்கம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "வீட்டுக்குள்ளேயே தண்ணீர்! கேட்டுக்கொள்ளுங்கள். இதைத்தான் நாங்கள் கனவு கண்டோம்!" என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசை அதிகாரிகள்தான் தட்டினார்கள். போட்டோ எடுக்கப்பட்டது. அதில் எல்லாரும் காமிராவைப் பார்த்தார்கள், துலுக்கானம் மட்டும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவன் அவள் பின்னால் ஓடினான். "அக்கா, தரை காஞ்சிடுச்சு. ஊட்டுக்கு வாக்கா."

"வாணாம் தம்பி. நான் அங்க கீறது தெரிஞ்சா உன் ஊடு பூடும். கரையான்சாவடி தையற்கடை பாய் கடைக்கு மேல பரண்ல எடம் குடுத்துகீறாரு. ரோஷனுக்கும் ஊசி போட்டாச்சு. நீ போய் புள்ளைங்களப் பாரு." பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் நாகவல்லி கடிகாரத்தைப் பிரிக்காமல் மூலையில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்திருந்த அங்கம்மா அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"அக்கா மேடையில பொய் சொல்லிச்சே, யாருக்காவ சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

அதன்பின் அவள் பல நாள் அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

*

பதினைந்து நாள் கழித்துத் துலுக்கானம் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுக் கழகத்தின் அலுவலகத்துக்குப் போனான். மனு எழுதிக் கொண்டுபோயிருந்தான். குடிசை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று என்று சொன்னது என் தவறு. அக்காவுக்குத் துணைப் பட்டியலில் வீடு கொடுங்கள். என் வீட்டை ரத்து செய்வதானாலும் செய்யுங்கள். கடைசி வரியை எழுதும்போது நாகவல்லிதான் பக்கத்தில் இருந்து படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். அன்றுதான் மறுபடி பேசவும் பேசினாள்.

சம்பத் மனுவை இரண்டு தரம் படித்தார்.

"துணைப் பட்டியல் எதுக்கு? விடுபட்டவங்களுக்கு. விடுபட்டவங்க யாரும் இல்லைன்னு மேடையில வாசிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"அந்தம்மாவே மைக்குல சொன்னாங்க, வீடு நல்லா இருக்குன்னு. இதோ போட்டோ." ஆண்டறிக்கையை எடுத்துக் காட்டினார். மேல் அட்டையிலேயே இருந்தார்கள். கீழே 'உள்ளம் குளிர்ந்த குடும்பம்' என்று எழுதியிருந்தது.

"அது பொய்யி சார். அப்ப என் வூட்டயாவது ரத்து பண்ணிடுங்க."

"மாதிரிப் பயனாளியோட ஒதுக்கீட்டை ரத்து பண்ணா நாங்க என்னத்தைக் காட்டறது?" சம்பத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "பொறுப்போட நடந்துக்கப்பா. உன்னை நம்பி எத்தனை பேரு சம்பளம் வாங்கறோம்."

பங்குனியில், திட்டத்துக்குக் கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தது. வெள்ளைக்காரர் இருவர், ஒரு பெண்மணி. ஜம்புலிங்கமும் சம்பத்தும் உடன் வந்தார்கள். அன்று நாகவல்லி தண்ணீர் சுமக்க மறுத்துவிட்டாள். மற்றவர்கள் சுமந்தார்கள். குழாய் திறந்து பார்த்தாகிவிட்டது. பிறகு அந்தப் பெண்மணி, இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று கேட்டாள். சம்பத் தமிழில் கேட்டார்.

"நாலு பேரு," என்றான் துலுக்கானம்.

"ஆறுன்னு சொல்லுய்யா," என்றார் சம்பத் பல்லிடுக்கில்.

துலுக்கானம் சம்பத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துப் பேசினான். குரல் ஓங்கித்தான் வந்தது. "நாலு பேருதாம்மா. ரெண்டு பேரு இந்த வூட்டு கணக்குல கீறாங்க, வூட்ல இல்ல. எங்க அக்கா. அந்தப் புள்ள ஜொரத்துல கெடக்கசொல்ல கூடத்துச் சாவிய பையில வெச்சிகினு இல்லன்னு சொன்னேன். அவங்க மழையில போனாங்க. இங்க ஒரு கொழாவும் இல்ல, இது நாங்க தூக்கி ஊத்துன தண்ணி. நான் மேடையில பொய் படிச்சேன். எனக்கு வெக்கமா கீதும்மா. எழுதிக்கோங்க."

பேசி முடித்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்மணி உருகிப்போய்ச் சம்பத்தின் பக்கம் திரும்பினாள். சம்பத் ஆங்கிலத்தில் நிதானமாக மொழிபெயர்த்தார். பட்டறையில் லாரிக்காரர்களோடு பழகியதில் துலுக்கானத்துக்குச் சில வார்த்தைகள் பிடிபட்டன. ஹேப்பி என்று வந்தது. சிஸ்டர் என்று வந்தது. வாட்டர் என்று வந்தது. கடைசியில் தேங்க்யூ என்று வந்தது.

பெண்மணி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் துலுக்கானத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஜம்புலிங்கம் அவன் தோளில் தட்டி, "இவ்வளவு உணர்ச்சியா இதுவரைக்கும் யாரும் நன்றி சொன்னதில்லை," என்றார். அவருக்குத் தமிழ் தெரியும்.

அன்று சாயங்காலம் துலுக்கானம் கரையான்சாவடிக்கு நடந்தான். தையற்கடையின் பக்கவாட்டில் மர ஏணி இருந்தது. மேலே தகரக் கூரைக்கு அடியில், நிமிர்ந்து நிற்க முடியாத பரணில் ஃபக்ருன்னிசா காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ரோஷன் மறுகோடியில் பள்ளிக்கூடத்து வீட்டுக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. தலைய இடிச்சிக்காத."

அவன் ஏணியின் மேற்படியிலேயே நின்றான். தலையும் தோளும் மட்டும் பரணுக்குள் இருந்தன. "இன்னிக்கு சொல்ட்டேன்க்கா. வெள்ளக்காரங்க, பெரிய சாரு எல்லார் முன்னாலயும். சாவி என்கிட்டதான் இருந்துச்சுன்னு சொல்ட்டேன். எல்லாத்தயும் சொல்ட்டேன்."

ஃபக்ருன்னிசாவின் ஊசி நின்றது. அந்த மழை நாளைப் பற்றி அவர்கள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சரி. அதுக்கு இன்னா சொன்னாங்க?"

துலுக்கானம் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"கை தட்டுனாங்கக்கா."

அவள் ஊசியைச் சட்டையில் குத்திவைத்தாள். பிறகு பக்கத்தில் குவிந்திருந்த சட்டைகளை ஒதுக்கி, ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினாள்.

"மேல வந்து உக்காரு," என்றாள்.

அவன் ஏறவில்லை.